ஹாஜா நஜீம் கட்டமாகிப் போன வெள்ளிக்கிழமை

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அலுவலகத்துப் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், மாடிப்படி முடியும் வரை கூடவே வந்து வழியனுப்பினார்கள். பாசம் என்றுதான் நினைக்கிறேன். நான் திரும்பி மேலே ஏறிவிடுவேனோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

மறுநாளே வாட்ஸாப் குழுவில் ஒரு பிள்ளை எழுதியது: “குமரேசண்ணே, முன்னெல்லாம் பிரௌசர்ல எழுத்து கட்டம் கட்டமா வரும்னு சொல்வீங்களே, அது நெசமா, சும்மா விட்ட கதையா? நாங்க ஒரு தடவ கூட பாத்ததில்லையே.”

பார்த்ததில்லையாம்! எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் என் தலைமுடி போனது. அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பாதிக் கடைகளில் நான் இனிப்புக் குறைவான தேநீர் கேட்கும் ஆளானேன். இப்போது வருகிற கைப்பேசிகளில் உலகத்து மொழிகளுக்கெல்லாம் எழுத்தை உள்ளேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் கட்டத்தைப் பார்க்காமலேயே வளர்ந்துவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன். நான் பட்ட பாட்டுக்கு ஒரு சாட்சியாவது இருக்கட்டும்.

கட்டம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்துரு என்பது எழுத்துகளின் உருவங்களை அடுக்கி வைத்த ஒரு பெட்டி. இணையப் பக்கத்தில் ‘க’ என்று வந்தால் பிரௌசர் அந்தப் பெட்டியைத் திறந்து ‘க’வின் உருவத்தை எடுத்துத் திரையில் ஒட்டும். பெட்டியில் அது இல்லையென்றால் அந்தக் கருவியிலேயே இருக்கும் வேறு பெட்டிகளில் தேடும். எங்கேயும் இல்லையென்றால், “இங்கே என்னமோ எழுதியிருக்கு, என்னன்னு எனக்குத் தெரியல” என்று கையை விரித்துவிட்டு ஒரு வெற்றுக் கட்டத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுக்குத்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியாகச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் கணினி வகுப்பு. தொழிற்சாலை மூடியதும், டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சின்ன இணைய வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்தேன். “உங்களுக்கு என்ன தெரியும்?” என்றார்கள். “சின்ன எழுத்து நல்லா தெரியும்” என்றேன். சிரித்துவிட்டு வேலை கொடுத்தார்கள். தெரியாத எழுத்தெல்லாம் என் தலையில் வந்து விழும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அங்கே என் மேலதிகாரி தமிழரசி. என்னைவிட வயதில் சின்னவர். என்னை “அண்ணே” என்பார், நான் “மேடம்” என்பேன், இரண்டு பேருக்கும் அதில் குழப்பம் இருந்ததில்லை. தமிழ் என்றால் அவருக்கு உயிர். ‘ஃபாண்ட்’ என்ற சொல் அவர் வாயில் வராது, ‘எழுத்துரு’தான். ‘பிரௌசர்’ வராது, ‘உலாவி’தான். மூலைக்கடையில் போய், “சர்க்கரை குறைவாக இழுத்த தேநீர் ஒன்று” என்பார். கடைக்காரர் என்னைப் பார்ப்பார். “தே தாரிக், குராங் மானிஸ்” என்று நான் மொழிபெயர்ப்பேன். அலுவலகத்தில் எழுதாத பணி விவரத்தில் அதுவும் சேர்த்தி.

அவருக்கு ஒரு முறை உண்டு. எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் எதையும் தொடக்கூடாது. கேள்விதான். எங்கே சரியாகத் தெரிகிறது? எங்கே தெரியவில்லை? இரண்டு இடத்துக்கும் நடுவில் என்ன வேறுபாடு? பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். என் கைக்கு இது பிடிக்காது. பயம் வந்தால் என் கை என்னைக் கேட்காமலேயே புறப்பட்டுப் போய் எதையாவது அணைத்துப் போட்டுவிடும். அதனால் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அண்ணே, கை” என்பார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்துகொள்வேன்.

இந்த முறையின் அருமை எனக்கு மாக் மண்டினில் புரிந்தது. அங்கே ஒரு பட்டறை. புது இணையப் பக்கம் போட்டதிலிருந்து எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார். நான் போனேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன். எழுத்தின் ஓரத்தை மழமழப்பாக்கும் அமைப்பை மாற்றினேன். பிரௌசரைக் கழற்றி மறுபடி போட்டேன். கணினியை அணைத்து அணைத்து எழுப்பினேன். அது எழுந்துகொள்ளவே வெறுத்துப்போனது. மதியம் மேடம் வந்தார். கணினியைத் தொடவில்லை. “அண்ணே, உங்கள் கைப்பேசியில் இதே பக்கம் எப்படித் தெரிகிறது?” என்றார். கண்ணாடி மாதிரி தெரிந்தது. திரைக்குப் பக்கவாட்டில் போய்க் குனிந்து பார்த்தார். மூலையில் நகத்தை வைத்து ஒரு இழு இழுத்தார். வாங்கிய நாளிலிருந்து உரிக்காமல் விட்டிருந்த பிளாஸ்டிக் தாள், பட்டறைப் புகை படிந்து, சர்ரென்று கையோடு வந்தது.

“ஐயோ மேடம், புது மானிட்டர்! அழுக்காயிடும்லா!” என்று அலறினார் முதலாளி.

நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைக்கப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்ததால் முடியவில்லை.

இப்படிப் பல. ஆனால் பிள்ளைகள் கேட்ட கட்டத்துக்கு வருகிறேன். என் வாழ்நாளிலேயே நான் மிகவும் பயந்த காலைப்பொழுது அது. பயந்ததில் எனக்குப் போட்டியே கிடையாது என்பதால் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன்.

சூலியா தெருவுக்குப் பக்கத்தில் ஒரு நாசி கண்டார் கடை, சோற்றின்மேல் நாலைந்து கறியைக் கலந்து ஊற்றித் தரும் சாப்பாட்டுக் கடை. அதை நடத்தியவர் ஹாஜா நஜீம். அவர் இறந்தபின் ஒரு வருடம் கடை பூட்டிக் கிடந்தது. அவருடைய மனைவி பாத்திமாக்கா அதைப் புதுப்பித்துத் திறக்க முடிவு செய்தார். கடையில் பாதி பாத்திமாக்காவுக்கு, பாதி ஹாஜா நஜீமின் தம்பி மைதீனுக்கு. கறிக்கை மைதீனுடையது. அவர் இல்லையென்றால் அடுப்பு இல்லை.

சுவரில் மூன்று பெரிய டிவிகளை மாட்டி, அவற்றில் கடைப் பெயரும் உணவுப் பட்டியலும் ஓட வேண்டும். அதுதான் எங்களுக்கு வந்த வேலை. மேலே தமிழ் பெரிதாக, கீழே மலாயும் ஆங்கிலமும் சின்னதாக. ஹாஜா நஜீமுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், அதனால் தமிழ்தான் மேலே என்று பாத்திமாக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

சுவரை அளக்கப் போன அன்று மைதீன் வெங்காயம் உரித்துக்கொண்டே அண்ணியிடம் ஆரம்பித்தார்.

“மச்சி, அண்ணன் பேரு அண்ணனோட போகட்டும். இப்ப வர்றவன்லாம் டூரிஸ்ட்டு. ‘பினாங்கு கிங்’னு வைப்போம். டக்குனு வாயில நிக்கும்லா.”

“கிங்கு யாரு? நீயா?” என்றார் பாத்திமாக்கா. “அந்தக் கல்லாவுல குந்தியிருந்தது அவங்க. பேரு அவங்க பேருதான்.”

“மூடிக் கெடந்த பேரு மச்சி. ராசி இருக்காது.”

“ராசி பாத்து கடை நடத்துறதுன்னா நீ கடையில நிக்கவே முடியாது மைதீனு.”

மைதீன் கத்தியைக் கீழே வைத்தார். “சரி. ஒண்ணு பண்ணுவோம். தொறக்குற அன்னிக்கு ஒரு கோளாறு இல்லாம தொறந்தீங்கன்னா அண்ணன் பேரு. ஏதாச்சும் ஒண்ணு நொட்டை ஆச்சுன்னா நான் சொல்ற பேரு. இல்லாட்டி என் பாதிய பிரிச்சுக் குடுத்துடுங்க, நான் பட்டர்வொர்த்துல தனியா போட்டுக்கறேன். அப்புறம் அழக்கூடாது.”

“நான் அழமாட்டேன். நீ பேச்சு மாறாத.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அளவு நாடாவைப் பிடித்தபடி பூம்பூம் மாடு மாதிரி இரண்டு பக்கமும் தலையாட்டினேன். ஒரு பெண்ணுக்குப் புருஷன் பெயர் நிலைக்கிறதா போகிறதா என்ற பந்தயத்தில் நடுவர் நான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டிவிகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு சின்னப் பெட்டி. அதுதான் பிரௌசரை ஓட்டும். மலிவான பெட்டி, ஆமை வேகம். அதனால் மேடம் ஒரு காரியம் செய்தார். எழுத்துருவை மெலிய வைத்தார். பயணம் போகிறவர் தேவையான துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அலமாரியிலேயே விடுவதுபோல, தேவைப்படும் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவது. கோப்பு சின்னதாகும், பக்கம் வேகமாக வரும். என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். கைப்பேசியில் பார்த்தேன். அழகோ அழகு. ஹாஜா நஜீம் பளபளவென்று நின்றார். மின்வேலை செய்பவர் இழுத்தடித்ததால் டிவிகள் மட்டும் கடைசி நாள்வரை சுவருக்கு வரவில்லை. அதனால் என்ன, கணினியில் சரியாக இருப்பது டிவியில் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது?

இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்த வரியை ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். சொன்னபின் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் அங்கேயே நின்றதுதான் என் விதி.

திறப்புவிழா வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகை முடிந்து கூட்டம் பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும்போது கடை திறந்திருக்க வேண்டும். காலையில் டிவிகள் சுவரேறின. சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கடைவாசலில் மாலை. உள்ளே மீன் தலைக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டையில், ரிமோட்டைக் கையில் உயர்த்தி, ஏதோ பாலம் திறக்கிற அமைச்சர் மாதிரி சொன்னேன்:

“அக்கா, இப்ப பாருங்க!”

பார்த்தார்கள்.

ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு கால். இன்னொரு கட்டம், இன்னொரு கால். பிறகு ஒரு ‘ந’. மறுபடி கட்டம். கடைசியில் அநாதையாக ஒரு ‘ம்’. அதற்குப் பின்னால் ‘நாசி கண்டார்’ என்று குறையே இல்லாமல், கொழுக்கட்டை மாதிரி முழுதாக. திரையின் அடியில் ‘உரிமையாளர்: பாத்திமா, மைதீன்’ என்று இரண்டு பெயரும் தெளிவாக. மூன்று டிவியிலும் அப்படியே.

கறி மட்டும் கொதித்தது.

மைதீன் கரண்டியோடு வெளியே வந்தார். நிதானமாக மூன்று திரையையும் பார்த்தார். “பாருங்க மச்சி. என் பேரு தெரியுது. உங்க பேரு தெரியுது. அண்ணன் பேரை மட்டும் டிவி ஏத்துக்க மாட்டேங்குது.”

பாத்திமாக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். “தம்பி, கோழி பேரு தெரியுது, மீனு பேரு தெரியுது. அவங்க பேரை மட்டும் அழிச்சு வச்சிருக்கியே.”

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை முடித்துவிட்டது.

“இன்னும் கடை தொறக்கல, அதனால இது கோளாறு இல்லை” என்றார் மைதீனிடம். “ஜும்மா முடியட்டும். அதுக்குள்ள தம்பி சரி பண்ணிடும்.”

தம்பி சரி பண்ணிடும்! தம்பி ஏற்கனவே வாசலுக்கு எத்தனை எட்டு என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.

இனி நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், பிள்ளைகள் பார்த்துச் செய்யாமல் இருப்பதற்காக. முதலில் மூன்று டிவியையும் அணைத்து எழுப்பினேன். கட்டங்கள் குளித்துவிட்டு வந்த மாதிரி இன்னும் தெளிவாக வந்தன. கம்பிகளைப் பிடுங்கி மாற்றி மாற்றிச் செருகினேன். பெட்டியில் வேறு பிரௌசரைப் போட்டேன். அதிலும் கட்டம். மூன்றாவது டிவியின் அமைப்புக்குள் புகுந்து ரிமோட்டை அமுக்கு அமுக்கு என்று அமுக்கியதில், அது தாய்லாந்து மொழிக்குப் போய்விட்டது. திரும்பி வரும் வழியும் தாய் மொழியில்தான் எழுதியிருந்தது. அந்த டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். அதற்குக் கீழே சுருட்டி வைத்திருந்த மாலை ஒன்றை எடுத்து பாத்திமாக்கா அதன்மேல் தொங்கவிட்டார். “அது அலங்காரத்துக்கு” என்று மைதீனிடம் சொன்னார். நெஞ்சுரம் என்றால் அது.

அடுத்து எனக்கு ஒரு மேதைத்தனமான யோசனை வந்தது. எழுத்து வராவிட்டால் என்ன, படம் வருமே! வாசலுக்கு ஓடி, மங்கிப்போன பழைய பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அதைத் திரையின் உச்சியில் ஏற்றினேன். அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. பலகைக்குக் கீழே மைதீன் நின்று தலை சொறிந்துகொண்டிருந்தார். அகலமான டிவியில் படம் இழுபட்டது. ஹாஜா நஜீம் என்ற பெயருக்குக் கீழே, ஒரு மேசை அகலத்துக்கு மைதீனுடைய முகம்.

“அடடா, பினாங்கு கிங்கு வந்துட்டாரு!” என்று யாரோ ஒரு சொந்தக்காரர் கத்த, கடையே சிரித்தது. மைதீன் சிரிக்கவில்லை. நான் படத்தை எடுத்துவிட்டு, குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு மேடத்துக்குப் போன் அடித்தேன். அவர் அன்று புக்கிட் தெங்காவில் வேறொரு தொழிற்சாலையில் இருந்தார்.

“மேடம், போச்சு மேடம், எல்லாம் போச்சு.”

“அண்ணே, கை எங்கே இருக்கிறது?”

“ரிமோட்ல மேடம்.”

“கீழே வையுங்கள்.”

வைத்தேன்.

“எங்கே சரியாகத் தெரிகிறது?”

“என் லேப்டாப்புல. போன்ல.”

“எங்கே தெரியவில்லை?”

“டிவியில மேடம், அதான் சொல்றேன்ல! அவரு பேரு மட்டும் கட்டமா வருது. இது எழுத்துப் பிரச்சினை இல்ல மேடம், ஆவிப் பிரச்சினை.”

“பெயர் மட்டுமா? பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழே வாசியுங்கள்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நேரமும் நான் உச்சியில் இருந்த பெயரைத் தவிர வேறெதையும் பார்க்கவே இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டேன். வாசித்தேன். மீன் தலைக் கறி, முழுசா இருக்கு. கோழி வறுவல், இருக்கு. வெண்டைக்காய், இருக்கு. உப்பு முட்டை, இருக்கு. ரோ... கட்டம்... க்.

“ரோஜாக்” என்றார் பக்கத்தில் நின்ற பாத்திமாக்கா.

தே தாரிக், இருக்கு. தே ஓ ஐ... கட்டம்.

“ஐஸு” என்றார் பாத்திமாக்கா. அவர் குரலில் ஒரு விறுவிறுப்பு ஏறியிருந்தது. “ஐஸும் போயிருக்கு தம்பி! அவங்க பேரு மட்டும் இல்ல!”

மறுமுனையில் மேடம் அடுத்த கேள்வியை எடுத்தார்: “உங்கள் மடிக்கணினியில் பக்கத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ஹா’வும் ‘ஜா’வும் மற்ற எழுத்துகளைப் போலவே இருக்கின்றனவா?”

பெரிதாக்கினேன். மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். மற்ற எழுத்தெல்லாம் ஒல்லியாக, வளைந்து நெளிந்து நின்றன. ‘ஹா’வும் ‘ஜா’வும் மட்டும் கொஞ்சம் தடிப்பாக, கல்யாண வீட்டுக்கு வேறு சட்டையில் வந்த ஆட்கள் மாதிரி.

“கொஞ்சம் குண்டா இருக்கு மேடம்.”

“அவை நம்முடைய எழுத்துகள் இல்லை. நம் எழுத்துருவில் கிடைக்காததால் உங்கள் கணினி தன்னிடம் இருந்ததை எடுத்துப் போட்டிருக்கிறது. டிவிப் பெட்டியிடம் சொந்தமாகத் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் கட்டம். அண்ணே, தவறு என்னுடையது.”

எழுத்துருவை மெலிய வைக்கும் கருவிக்கு ஒரு பத்தியைக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்தியில் வருகிற எழுத்தையெல்லாம் வைத்துக்கொள்ளும், வராததைக் கழித்துவிடும். மேடம் எப்போதும் கொடுப்பது தாமே எழுதிய ஒரு பத்தி. கடலும் மலையும் கைகோத்து நிற்கும் நம் தீவு என்று ஆரம்பித்து அருமையாகப் போகும். தமிழின் எல்லா எழுத்தும் அதில் வந்துவிடும். தூய தமிழ் என்பதால் ஒரு ‘ஜ’ கிடையாது, ஒரு ‘ஸ’ கிடையாது, ‘ஷ’வும் ‘ஹ’வும் வாசல் பக்கமே வராது. கருவி சொன்னதைச் செய்தது. ஜார்ஜ் டவுனில் பாதிப் பேருக்குப் பெயர் வைக்கத் தேவையான எழுத்துகளை அலமாரியில் விட்டுவிட்டுப் பயணம் வந்திருந்தது.

சோதனைப் பக்கத்தில் கடலுக்கும் மலைக்கும் அடியில் ஏன் ரோஜாக்கும் தே ஓ ஐஸும் லிச்சி ஜூஸும் வருகின்றன என்று பிள்ளைகள் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். மேடத்துக்குப் பசி என்று நான் சொல்லி வைத்திருந்தேன். காரணம் இதுதான். அடுத்த திங்கட்கிழமையே பாத்திமாக்காவின் பட்டியலை வாங்கித் தம் பத்திக்குக் கீழே ஒட்டிவிட்டார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இன்னும் முடியவில்லை. பள்ளிவாசல் பக்கம் அமைதியாக இருந்தது. தொழுகை நடக்கிறது என்று அர்த்தம், அடுப்பை விட்டுப் போக முடியாமல் மைதீன் கடையிலேயே நின்றுவிட்டார். என் தலைக்குள் ஒரு குறுக்குவழி மின்னியது.

“மேடம், நேரமில்ல. பேசாம ‘காசா நசீம்’னு மாத்திப் போட்டுடட்டுமா? தூய தமிழாவும் ஆச்சு.”

மேடம் மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். பாத்திமாக்கா கையில் இருந்த கரண்டி ஒரு சாண் உயர்ந்தது.

“ஒருவருடைய பெயரைத் திருத்த நமக்கு யார் உரிமை கொடுத்தது?” என்றார் மேடம். “முழு எழுத்துருவை அனுப்புகிறேன். ஏற்றுங்கள்.”

கரண்டி இறங்கியது. “யாரு தம்பி அது? நல்ல புள்ளையா இருக்கே” என்றார் பாத்திமாக்கா.

கோப்பு வந்தது. கைப்பேசி இணையத்தில் மடிக்கணினியைக் கட்டி, பழைய எழுத்துருவின்மேல் புதியதை ஏற்றினேன். டிவிக்கு முன்னால் நின்று பக்கத்தைப் புதுப்பித்தேன்.

கட்டம்.

மறுபடி புதுப்பித்தேன். கட்டம். எனக்குக் காதில் கப்பல் சங்கு ஊதியது. உண்மையிலேயே துறைமுகத்தில்தான் ஊதினார்களா, என் தலைக்குள்ளா என்று இன்றுவரை தெரியாது. தெருமுனையில் வெள்ளைத் தொப்பிகள் தெரிய ஆரம்பித்தன. மைதீன் கைகழுவி, துண்டில் துடைத்து, கடிகாரத்தைப் பார்க்காமலேயே பார்த்தார்.

“மேடம்! ஏத்திட்டேன்! வரல! நான் இப்படியே ஃபெரி ஏறிப் போயிடறேன் மேடம்!”

“அதே பெயரிலா ஏற்றினீர்கள்?”

“எதை?”

“கோப்பை. டிவிப் பெட்டி பழையதை நினைவில் வைத்துக்கொண்டு, ‘இந்தப் பெயரில் என்னிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது’ என்று புதியதை வாங்க மறுக்கிறது. பெயரை மாற்றி ஏற்றுங்கள். பக்கத்திலும் அந்தப் பெயரையே எழுதுங்கள்.”

பெயர் மாற்ற வேண்டியது கடைக்கில்லை, கோப்புக்கு! என் விரல்கள் பத்தும் பத்துத் திசையில் ஓடின. என்ன பெயர் வைப்பது? மூளை வெள்ளைத்தாள். எதிரில் நின்றவரைப் பார்த்தேன். ‘பாத்திமாக்கா’ என்று அடித்தேன். ஏற்றினேன். புதுப்பித்தேன். இந்த முறை திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தேன். நின்றுகொண்டிருந்ததால் அதுவும் முடியாமல், கைகளைக் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

ஹாஜா நஜீம் நாசி கண்டார்.

முதல் டிவியில். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவது டிவியிலும். ஒல்லியாக, வளைந்து, மற்ற எழுத்துகளோடு ஒரே குடும்பமாக. கீழே ரோஜாக் வந்துவிட்டது, ஐஸ் வந்துவிட்டது. நான் “யெஸ்!” என்று கத்திக் குதித்ததில் குளிர்பானப் பெட்டியில் முட்டிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள், எனக்கா என் தலைக்கா தெரியாது. மூலையில் மாலை போட்டுக்கொண்டு மூன்றாவது டிவி கறுப்பாக, அலங்காரமாக நின்றது.

பாத்திமாக்கா திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அடுப்புச் சூடு” என்றார், யாரும் கேட்காமலேயே.

மைதீன்தான் அசையவில்லை. அண்ணன் பெயரை உதட்டை அசைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“அண்ணன் பேரை இவ்ளோ பெருசா நான் பாத்ததே இல்ல மச்சி.”

“பாத்துக்க” என்றார் பாத்திமாக்கா. “ஜும்மா விட்டாச்சு. தொற.”

திறந்தார்கள். இங்கேதான் இன்னொரு சோதனை வந்தது. கூட்டம் வந்தது, ஆனால் கடையைத் தாண்டிப் போனது. ஒரு வருடம் பூட்டிக் கிடந்த கடை, யாருக்கும் பழக்கம் விட்டுப் போயிருந்தது. எதிர்ப்பக்கத்தில் வேறொரு கடை திறந்துதான் இருந்தது. இரண்டு பேர் எங்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எதிர்க்கடைப் பக்கம் காலை எடுத்து வைத்தார்கள். டிவியில் ஹாஜா நஜீம் ஜொலித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் டிவி ரோட்டில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? பாத்திமாக்காவின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

மைதீன் கூவா என்கிற குழம்பு ஊற்றும் கரண்டியைக் கையில் எடுத்தார். என்னைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். நடைபாதையில் இறங்கி நின்று, துண்டைத் தோளில் போட்டு, அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்:

“ஹாஜா நஜீம்! ஹாஜா நஜீம் தொறந்தாச்சு பாய்! எங்க அண்ணன் கடை! மீன் தலை சூடா இருக்கு, நண்டு இருக்கு, தாப்பாவ் போலே, பொட்டலமும் கட்டித் தர்றோம், உள்ள வாங்க, உள்ள வாங்க! ஹாஜா நஜீம்!”

எதிர்க்கடைக்குப் போன கால்கள் திரும்பின. ஒரு பெரியவர், “நஜீம் பாய் கடையா? தொறந்துட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே படியேறினார். அவருக்குப் பின்னால் நான்கைந்து பேர். பிறகு வரிசை. மைதீனுடைய குரல் ஏறிக்கொண்டே போனது.

தட்டு நீட்டியவர்களுக்குச் சோறு வைத்துக்கொண்டே பாத்திமாக்கா வாசலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்:

“தம்பி, டிவிய வேணும்னா அணைச்சுக்க. இது கரண்டு இல்லாமலே ஓடுது.”